இசுலின் பழைய போன்

மார்ச் 11

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. என் சலவை, தையல் கடை முழுக்கச் சீருடைப் பாவாடைகள்தான். அம்மாக்கள் காலையில் வந்து, "முழங்காலுக்குக் கீழ இறக்கிடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சாயங்காலம் பெண்கள் தனியாக வந்து, "ஆன்ட்டி, அம்மாவுக்குத் தெரியாம கொஞ்சம் ஏத்திடுங்களேன்" என்கிறார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு நடுவில் ஓரிடத்தில் தைத்துவிடுகிறேன். இதுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

மதியம் மகள் இசுல் போனில் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. பூசானுக்கு நர்சிங் படிக்கப் போய் இது இரண்டாம் வருடம். வாரம் ஒரு தடவை நான்தான் கூப்பிடுவேன். "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்ற மூன்று சொல்லுக்கு மேல் அவளிடம் தேறாது.

"அம்மா, என் பழைய வெள்ளை போன் மேஜை டிராயர்ல இருக்கா?"

"இருக்கும். ஏன்?"

"தூக்கிப் போட்டுடாத. அதுல அப்பா இருக்கார்."

இன்று வார்டில் யாரோ ஒரு நோயாளி அவள் அப்பா மாதிரியே மூன்று தடவை செருமினாராம். இவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம், சீனியரிடம் நல்ல திட்டு. "அப்பா பேசின காலெல்லாம் அதுல தானாவே பதிவாகி இருக்கும்மா. யாராவது மிரட்டினா ஆதாரம் வேணும்னு அவர்தான் அப்படி வெச்சுக் குடுத்தார். நாலு வருஷத்துப் பேச்சு."

நாலு வருஷம்! என்னிடம், மூன்று வருடம் முன்னால் போய்ச் சேர்ந்த அந்த மனுஷனின் குரல் ஒரு விநாடி அளவுக்குக்கூடக் கிடையாது. போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, குரல் இல்லை.

"திறந்து எனக்கும் அனுப்புடி" என்றேன்.

"நான் எப்படித் திறக்கறது? பூட்டு போட்டது நீ. நம்பர் உனக்குத்தானே தெரியும்?"

"நானா?"

"நடிக்காதம்மா. அப்பாவே சொன்னார். அம்மாதான் பூட்டு போட்டா, எனக்கு நம்பர் தெரியாதுன்னு."

நான் அந்தப் பூட்டைத் தொட்டதுகூட இல்லை என்றேன். "செத்தவர் மேல பழி போடறியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு பாவாடை கருகிப்போயிருந்தது.

மார்ச் 12

போனை நாலு மணி நேரம் சார்ஜில் போட்ட பிறகு உயிர் வந்தது. "இன்றைய நேரம் முடிந்தது. பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்." மூன்று வருடமாக அதற்கு அதே 'இன்று'தான். கீழே நாலு வெற்று வட்டம், நாலு எண்ணுக்கு.

பிறந்த நாளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதிலும் இவருக்கு இரண்டு. மாமனார் எட்டு மாதம் கழித்துத்தான் போய்ப் பதிந்தார், அதனால் அரசாங்கத்துக்கு ஒரு நாள், எங்களுக்குச் சந்திரக் கணக்கில் ஒரு நாள். அரசாங்க நாளைப் போட்டேன், தவறு. சந்திர நாளைப் போட்டேன், தவறு. இசுல் பிறந்த நாளைப் போட்டேன். அதுவும் தவறு என்று சொல்லிவிட்டுச் சிவப்பில் ஒரு வரி வந்தது. "இன்னும் 7 முறை. அதன் பிறகு இந்தக் கருவியில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்."

முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? எடுத்த எடுப்பில் மூன்றைக் கோட்டை விட்டுவிட்டேன்.

மார்ச் 13

கடையைப் பதினொரு மணிக்குப் பூட்டிவிட்டுப் போன் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு நல்ல மனசு. குடும்பச் சான்றிதழ் கொண்டுவந்தால் பூட்டை எடுத்துவிடலாம் என்றாள்.

"எடுத்தா உள்ள இருக்கறது?"

"எல்லாம் போயிடும்மா. கடையில வாங்கினப்ப எப்படி இருந்துதோ அப்படி ஆயிடும்."

பூட்டு ஆப் நடத்துகிறவர்களுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுத்தாள். பெற்றோர் கணக்கை ஆரம்பித்தவர் தன் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டுமாம்.

"அவரால வர முடியாதுங்க."

"எப்ப வர முடியும்னு சொல்லுங்க, நாங்க நேரம் குறிச்சு வைக்கிறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

இவருடைய போன் இருந்திருந்தால் அதிலிருந்தே திறந்திருக்கலாமாம். அதை நான்தான் காரியம் முடிந்த மாதமே உள்ளே எல்லாவற்றையும் அழித்துப் போன் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்ணையும் ரத்து செய்தேன். அதிலிருந்துதான் இசுலின் போன் நாள் மாறாமல் நிற்கிறதாம். கண் எதிரில் அது கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. ஏன் அழித்தேன் என்று அதற்கு மேல் இன்று எழுத மனம் வரவில்லை.

மார்ச் 14

தூக்கம் வராமல் விடிந்ததும் எழுந்து காலர்களைத் துவைத்தேன். துவைக்கிறபோது அவர் ஞாபகம்தான்.

மூன் ப்யோங்-தேக், சிமென்ட் லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். எந்த ஊரில் இருந்தாலும் மதியம் பன்னிரண்டேகாலுக்கு என் போனில் ஒரு சத்தம் வரும். பார்த்தால் ஒரே ஒரு சொல். "பாப்?" சோறா? அவ்வளவுதான். 'சாப்டியா' என்றுகூட நீட்ட மாட்டார். விரல் ஒவ்வொன்றும் இவ்வளவு பருமன். பழைய பட்டன் போன் மாதிரி ஒன்பது கட்டம் வைத்த பலகையில் ஒரே கட்டை விரலால் குத்திக் குத்தி எழுதுவார். நான் கல்யாணத்துக்கு முன்னால் கணக்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், பத்து விரலும் ஓடும். "நீங்க ஒரு சொல் அனுப்பறதுக்குள்ள நான் ஒரு கோட்டையே இஸ்திரி போட்டுடுவேன்" என்பேன். கோபமே வராது அவருக்கு. செருமுவார், அதுதான் பதில்.

பதினெட்டு வருடமும் அந்த ஒரு கேள்விதான். வேறு பேச்சே கிடையாதா இந்த மனுஷனுக்கு என்று எனக்கு எரிச்சலாக வரும். பதில் போட்டதே இல்லை. சத்தம் கேட்டதும் திறந்து பார்ப்பேன். பார்த்ததும், அவர் போனில் அந்தச் செய்திக்குப் பக்கத்தில் படிக்காததற்கு அடையாளமாக நிற்கிற சின்ன மஞ்சள் 1 போய்விடும். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

'ஆச்சு' என்று ஒரு சொல் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து விரல் இருந்ததே.

மார்ச் 17

லாரி எண் போட்டேன். தவறு. இருக்காது என்று தெரிந்தே கல்யாண நாளையும் போட்டேன். அதுவும் தவறு. அந்த நாள் அவருக்கு எந்த வருடமும் ஞாபகம் இருந்ததில்லை, பூட்டில் மட்டும் எப்படி வைப்பார்?

இன்னும் 5.

மார்ச் 20

1004. கொரிய மொழியில் வாய்விட்டுச் சொன்னால் 'தேவதை' என்று ஒலிக்கும் எண், ஊரில் பாதிப் பூட்டு அதில்தான் திறக்கும். இசுலைச் சின்ன வயதில் அப்படித்தானே கூப்பிடுவார் என்று ஆசைப்பட்டுப் போட்டேன்.

தவறு. இன்னும் 4.

மார்ச் 24

இசுலிடமிருந்து பதின்மூன்று நாள் கழித்து ஒரு செய்தி. "1225 போட்டுப் பாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான் அந்த போன் வாங்கிக் குடுத்தார்." போட்டேன். தவறு. "இல்ல" என்று எழுதினேன்.

"உண்மையாவே போட்டியா?"

என் பெண் என்னிடம் கேட்கிற கேள்வி இது. பதிமூன்று வயதிலிருந்து இவள் என்னை எப்படிப் பார்த்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. சாப்பிடும்போது தலை நிமிராமல் இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டது, நான் கூப்பிட்டால் 'ம்' என்றது, எல்லாம் அந்தப் பூட்டுக்காகத்தானா? நான் போடாத பூட்டுக்கு ஏழு வருடமாக நான் தண்டனை அனுபவிக்கிறேனா?

யோவ் ப்யோங்-தேக், நன்றாக மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்!

இன்னும் 3. இனிமேல் தெரியாமல் தொடுவதில்லை.

மார்ச் 29

கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. எழுதிவிடுவதுதான் நியாயம்.

இசுல் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த வருடம். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "அந்தப் பொண்ணு போனை ஏதாவது பண்றீங்களா, இல்ல நான் சுத்தியலால உடைக்கட்டுமா?" அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் சூடேற்றிய தரையில் உட்கார்ந்து அந்தப் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. "என்னதான் பண்றீங்க?" என்றால் செருமல். சாயங்காலம் போனை இசுலிடம் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவள் அறையிலிருந்து ஒரே அலறல். நான் அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ செய்துவிட்டார், தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

பூட்டு போட்டது அவர். போட வைத்தது நான். அப்படியானால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

இதையே இசுலுக்கு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அந்த 1 மட்டும் உடனே போய்விட்டது.

ஏப்ரல் 2

இன்று ஒரு விஷயம் நடந்தது. இவரோடு லாரி ஓட்டிய சாங்-யோல் வேலைச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். சிமென்ட் தூசு படிந்த துணியை வேறு கடையில் வாங்க மாட்டார்கள். நான் உதறி எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு மனைவிக்கு ஏதோ எழுதினார், கட்டை விரலால் டொக், டொக் என்று.

"இன்னுமா அந்த ஒன்பது கட்டம்?" என்றேன்.

"இந்த விரலுக்கு வேற எது அண்ணி தாங்கும்? சின்னச் சின்னக் கட்டமா இருந்தா ஒண்ணைத் தொட்டா மூணு விழும். அண்ணனும் இதுதானே வெச்சிருந்தார். அவருக்கு எண்ணே நிக்காது, எல்லாத்தையும் இதுல சொல்லா மாத்திக்குவார்."

"என்னது, சொல்லாவா?"

"யார்டுல லாக்கருக்கு நாலு எண் வைக்கணும்ல? நாங்கெல்லாம் பிறந்த நாள் வெச்சோம். அண்ணன் 'சான்'னு வெச்சார். மலை. தினமும் பாக்கற மலை மறக்காதுன்னு."

சாங்-யோலின் போனை வாங்கிப் பார்த்தேன். பதினெட்டு வருடம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்திருக்கிறேன், ஒருநாள்கூட அந்தப் பலகையை உற்றுப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கொரிய எழுத்து. அந்தக் கட்டமே எண்ணும்தான். எட்டில் 'ச'. ஒன்றில் நிற்கிற கோடு, இரண்டில் ஒரு புள்ளி, கோடும் புள்ளியும் சேர்ந்தால் 'ஆ'. ஐந்தில் 'ன்'. 'சான்' என்று எழுத விரல் போகிற வழி 8, 1, 2, 5.

"அண்ணி, சட்டை எத்தனைன்னு சொல்லவே இல்லையே?"

"போய்யா, நாளைக்கு வா!" என்று விரட்டிவிட்டேன். பாவம், அவர் என்ன தப்பு செய்தார்?

8125 போட்டேன்.

தவறு. இன்னும் 2.

ஏப்ரல் 3

ஆனால் அது ஒரு சொல்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 9

துணிச் சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் எண்ணாகக் கிடக்கிறது. நாலு குத்தில் முடிகிற சொல் எது எது என்று பார்க்கிறேன். நதி, 'காங்', 4120. கை, 'சோன்', 8235. வயல், 'நோன்', 5235. 'இசுல்' ஆறு குத்து, அடங்கவில்லை. என் பெயர் கியே-ஹ்வா என்று எழுதப்போனால் அவர் விரல் வழியிலேயே களைத்துப்போயிருக்கும். அதனால்தானோ என்னவோ கடைசிவரை என்னை 'இசுல் அம்மா' என்றே கூப்பிட்டார். மனிதருக்கு என்னென்ன பிடிக்கும் என்று யோசித்தேன். பேரிக்காய்ச் சாறு பிடிக்கும், வெயிலில் காய்ந்த மெத்தை பிடிக்கும், பழைய பாட்டு ஒன்றை எப்போதும் தப்பாகப் பாடுவது பிடிக்கும். ஒன்றும் நாலில் நிற்கவில்லை.

துணி எடுக்க வந்த ஒரு ஆள் சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "லாட்டரி எண்ணா? எனக்கும் சொல்லுங்க" என்றார். சிரித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இவரைப் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை. இருந்தபோது யோசித்திருக்கலாம்.

ஏப்ரல் 15

இசுல் எழுதியிருக்கிறாள். "திதிக்கு வரேன். போனை எடுத்து வை."

போன வருடம் தேர்வு என்று சொல்லி வரவில்லை.

ஏப்ரல் 21

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இசுல் மதியமே வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வந்ததும் பையை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு, கேட்காமலேயே மீனுக்கு மாவு தடவ உட்கார்ந்தாள். போனைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. பீன்ஸ் முளை வேக வைத்தோம், பாதி பேசாமல், பாதி "உப்பு குடு", "அந்தத் தட்டு இல்ல, அது" என்று. சாயங்காலம் ஆறரைக்குப் படத்தை வைத்து மேஜையை அடுக்கினோம். பேரிக்காய் நடுவில். மது ஊற்றி இருவரும் விழுந்து வணங்கினோம். சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து கரண்டியைச் சோற்றில் நிற்க வைத்தேன். ஆவி வந்தது.

பிறகு அவர் சாப்பிட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இருவரும் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். ஒன்பது கவளம் சாப்பிடுகிற நேரம் நின்றுவிட்டு, மூன்று தடவை செருமிக் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். மாமனாரின் திதிகளில் இவர்தான் செருமுவார். அவ்வளவு பெரிய செருமல், எதிர்வீட்டு நாயே குரைக்கும்.

நடைவழி குறுகல். இசுலின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

"யாரு செருமறது?" என்று கிசுகிசுத்தாள்.

"நீயே செருமு. நீதானே வாரிசு."

"எனக்கு வராதும்மா."

கவளங்களை எண்ணிக்கொண்டு நின்றோம். பிறகு அவள், "நாம வெளிய நிக்கறது அவருக்குப் பிடிக்காது. வாயில வெச்ச சோத்த அப்படியே வெச்சுட்டு, கதவைத் திறந்து கேப்பார்" என்றாள். தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, அப்படியே அவர் மாதிரி, "பாப்?" என்றாள்.

என் விரல் கதவுச் சட்டத்தில் இருந்தது. அது தானாகக் குத்தியது. 'ப' ஏழு. கோடு, புள்ளி. மறுபடி 'ப்' ஏழு.

நாலு குத்து.

"இசுல்" என்றேன். "ஏழு, ஒண்ணு, ரெண்டு, ஏழு."

"என்ன?"

"பாப்! அவர் பலகையில! ஏழு ஒண்ணு ரெண்டு ஏழு!"

அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்த மாதிரி இருந்தது. பிறகு தன் போனை எடுத்துப் பலகையை மாற்றி அவளே குத்திப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே ஓட வேண்டும் போல் இருந்தது, ஆனால் அவர் சாப்பிட்டு முடிக்கவில்லையே! இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கவளங்களை எண்ணினோம். ஏழு, எட்டு, ஒன்பது. செருமினோம். அவளுடையது தும்மல் மாதிரி இருந்தது, என்னுடையது இருமல் மாதிரி. எந்த நாயும் குரைக்கவில்லை.

போன் படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்னும் 2 முறை. "நீ போடும்மா" என்றாள். "நீயே போடு, உன் போன்" என்றேன். கடைசியில் அவள் ஏழைத் தொட்டாள், நான் ஒன்றையும் இரண்டையும் தொட்டேன், அவள் ஏழைத் தொட்டாள்.

திறந்தது. 'இன்று' ஒருவழியாக முடிந்துபோய், மேலே சரியான தேதி வந்தது.

பதிவுகள் எண்ணூற்றுச் சொச்சம். இசுல் ஒன்றைத் தொட்டாள். முதலில் லாரி இரைச்சல். பிறகு அந்தச் செருமல்.

"பாப்?"

"சாப்டேன்."

"என்ன?"

"பள்ளில என்ன போடுவான்? முள்ளங்கி. வெச்சிடறேன்பா."

"ம். மெதுவாப் போ."

அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். எண்ணூறு நாளும் இவர் இதைத்தான் கேட்டிருக்கிறார், அவள் இப்படித்தான் வைத்திருக்கிறாள். நாங்கள் படையல் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். மீன் ஆறிப்போயிற்று.

ஒன்றில் அவள் அழுகிறாள். பதினைந்து வயதுக் குரல். பூட்டை எடுக்கச் சொல்லிக் கத்துகிறாள். இவர், "அம்மாதான் போட்டா. எனக்கு நம்பரே தெரியாது" என்கிறார். வாய் கூசாமல்! பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அழாத. இன்னிக்கு அரை மணி நேரம் கூட்டி விடறேன். அம்மாகிட்ட சொல்லிடாத" என்கிறார்.

இசுல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நம்பர் தெரியாதவர் அரை மணி நேரம் எப்படிம்மா கூட்டினார்?"

"அதைத்தான் நான் கேக்கறேன்."

"நாலு வருஷம் கூட்டிக் குடுத்தார். எனக்கு இது ஒரு தடவகூடத் தோணலையே! நான் ஒரு மக்கு!" சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே என் மடியில் கவிழ்ந்தாள். பிறகு அது சிரிப்பு இல்லை. "மன்னிச்சிடும்மா" என்று பாவாடையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். போட வைத்தது நான் என்று மறுபடி சொன்னேன். "தெரியும். படிச்சேன்" என்றாள்.

கடைசியாக அவள் தொட்டது அவர் போவதற்குப் பத்து நாள் முன்னால் பேசியது. அதில் அவள் கேட்கிறாள்: "எனக்கு போன் பண்றீங்க, அம்மாவுக்கு மட்டும் ஏன் எழுத்துலயே அனுப்பறீங்க? அவங்க பதிலே போடறதில்லைன்னு சொன்னீங்களே?"

"கடையில ஆள் இருக்கும், பேச முடியாது. பதில் எதுக்கு? அனுப்பினதும் அந்த 1 போயிடும். போச்சுன்னா கையத் தொடச்சிட்டு வந்து பாத்திருக்கான்னு அர்த்தம். கையத் தொடச்சிட்டா அப்படியே சாப்பிட உக்காந்துடுவா. அதுக்குத்தான் அனுப்பறது."

பிறகு செருமல். பிறகு, "உங்கம்மா வேலைன்னு உக்காந்தா சோத்த மறந்துடுவாடி" என்றார்.

ஏப்ரல் 22

இசுல் காலை வண்டிக்குப் போனாள். அவர் போனை ஏன் அழித்தேன் என்று அன்று எழுத முடியாததை இப்போது எழுதிவிடுகிறேன்.

அவர் போன நாள். பன்னிரண்டேகாலுக்குச் சத்தம் கேட்டது. நான் கோட்டுக் காலரில் இருந்த மைக்கறையோடு போராடிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் முழங்கை வரை நுரை. அந்தக் கேள்விதானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டே முக்காலுக்குத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். சரக்கு ஏற்றும் வரிசையில் ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடியே இருந்தாராம், முன்னால் இருந்த லாரி நகர்ந்த பிறகும் இவர் நகரவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் அவர் போனை என்னிடம் கொடுத்தார்கள். அவருக்கு எண் நிற்காது என்று அதற்குப் பூட்டே கிடையாது. திறந்ததும் எங்கள் பேச்சுதான் இருந்தது. "பாப்?" பக்கத்தில் 1. இன்னொரு கையில் என் போன். நான் திறந்தேன். அவர் போனில் அந்த 1 போய்விட்டது. அவர் பார்க்கவில்லை. அதனால்தான் அந்தப் போனை வீட்டில் வைத்திருக்க முடியாமல் அழித்துக் கொடுத்தேன்.

அந்த வரிசையில் அந்த 1-ஐ எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்தாரோ, தெரியாது. அவள் இன்னும் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் போயிருக்கிறார். அது உண்மையும்கூட. அன்று நான் சாப்பிடவில்லை.

இன்று அழுதேன். கடையை மூடிவிட்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக உட்கார்ந்து அழுதேன். நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 30

சாங்-யோலின் சட்டைகளைப் புதிது மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். "என்ன அண்ணி, அன்னிக்கு அப்படி விரட்டினீங்க?" என்றார். உட்கார வைத்துக் குளிர்நூடுல்ஸ் வரவழைத்துக் கொடுத்தேன். ஒன்பது கட்டப் பலகையை என் போனிலும் வைத்துத் தரச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு இது, பத்து விரல் ஓடுமே?" என்றார். வைத்துக் கொடுத்தார்.

மே 8

பெற்றோர் தினம். இசுல் கார்னேஷன் பூ அனுப்பியிருந்தாள். மேஜையில் அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். வசந்தம் முடிகிற நேரம், குளிர்காலக் கோட்டெல்லாம் வந்து குவிகிறது.

பன்னிரண்டேகாலுக்குப் போன் சத்தம். கை இரண்டும் நுரைக்குள் இருந்தது.

துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இசுல். ஒரே ஒரு சொல்.

"பாப்?"

கட்டை விரலால் ஒவ்வொன்றாகக் குத்தி எழுதினேன். நேரமாயிற்று. "இப்பதான் உக்காரப் போறேன். நீ?"

எழுதி முடித்துப் பக்கத்தில் அந்த 1-ஐப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் ஆள் காத்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும் என்று நின்றேன்.

போயிற்று. சாப்பிட உட்கார்ந்தேன்.